கல்லறைக்கு மதிப்பு, சுடுகாட்டுக்கு?

சென்னை உயர்நீதிமன்றத்தை ஒட்டிய பழைய சட்டக் கல்லூரி வளாகத்தில் கூம்பு வடிவக் கல்லறை ஒன்று நிற்கிறது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் 1680இல் இறந்த கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ். இன்னொன்று, 1688இல் இறந்த டேவிட் யேல் என்ற குழந்தை. ஹின்மர்ஸின் விதவை கேதரினை அதே 1680இல் மணந்துகொண்டு, பிறகு கோட்டையின் கவர்னரான எலிஹு யேலின் மகன். ஆக, இது ஒரு குடும்பக் கல்லறை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இதை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லி 2023இல் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். வாகன நிறுத்தம் கட்ட அது இடைஞ்சல் என்பதுதான் வழக்கு. 'பாரம்பரிய' ஆர்வலர்கள் பதறினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரின் பிள்ளையாச்சே! இன்னொரு தரப்பு, வெள்ளைக்காரன் சமாதிக்கு இங்கே என்ன மதிப்பு என்றது. இரண்டு தரப்பும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: உள்ளே இருப்பவர் பெரிய ஆளா, இல்லையா?

இந்தக் கல்லறை மட்டும் எப்படி மிஞ்சியது என்று யாரும் கேட்கவில்லை. அந்த இடம் முழுக்க ஆங்கிலேயரின் இடுகாடாக இருந்தது. 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கல்லறைகளை மறைவிடமாக்கிக்கொள்ள, பிறகு ஆங்கிலேயர்களே தம்மவர் கல்லறைகளை இடித்தார்கள். கல்வெட்டுப் பலகைகள் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்துக்குப் போயின. யேல்-ஹின்மர்ஸ் கல்லறையும் பௌனி குடும்பத்தின் நிலவறையும் தப்பித்தன. சாவிலும் படிநிலை உண்டு. கல்லில் எழுதியிருப்பதைப் போலவே, கல் மிஞ்சியிருப்பதும் அதிகாரத்தின் பிரதிதான்.

கல் சொல்லாதது ஒன்றும் இருக்கிறது. 1680களின் பஞ்சத்தில் இந்தக் கரையின் ஜனங்கள் அடிமைகளாக விலைபோனார்கள். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்றச் சொன்ன சபையில் யேல் உட்கார்ந்திருந்தார். 2024இல் யேல் பல்கலைக்கழகம், அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக மன்னிப்புக் கேட்டது. கப்பலேறியவர்களுக்கு எங்கே கல்லறை?

அப்படின்னா இடிச்சுடலாமா? கூடாது. கார் நிறுத்துவதற்காக இடிப்பது நீதி அல்ல; சாட்சியை அழிப்பது. கல் நிற்கட்டும். பக்கத்தில் அந்தக் கப்பல்களின் கதையையும் எழுதி வையுங்கள்.

கருங்குழியிலிருந்து பார்த்தால் விஷயம் இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. கிழக்கே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கல்லறைகள், அழகான செதுக்கு வேலைப்பாட்டோடு, அரசுப் பாதுகாப்பில் இருக்கின்றன. இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் இதே செங்கல்பட்டில், பறையர்களின் வீட்டுமனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை என்று 1891இல் அறிக்கை எழுதினார் கலெக்டர் டிரெமென்ஹீர். பஞ்சமி நிலம் அதிலிருந்துதான் வந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்ட காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று, செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். வீட்டுமனைக்கே பட்டா இல்லாதவர்கள் குடும்பக் கல்லறை எங்கே கட்டுவது?

2019இல் வாணியம்பாடி அருகே தலித் ஒருவரின் பிணத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி பட்டா நிலத்தில் அடைபட்டிருந்தது. ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு என்று இருக்கும் நாட்டில், 'பாரம்பரிய மதிப்பு' என்ற சொல் கல் வைக்க முடிந்தவர்களின் சொல்லாகவே இருந்துவருகிறது. கல் இல்லாத மேட்டில் கிடப்பது ஒரு குடும்பமல்ல, பல தலைமுறை. அதை யார் பட்டியலில் சேர்ப்பது?

யேல் கல்லறையைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது என்கிறது சட்டம். சேரிச் சுடுகாட்டுக்கு நாம் கேட்பது 100 மீட்டர் அல்ல. பாடை போக ஒரு பாதை. முதலில் அதை அளந்து, கல் நடுங்கள். மதிப்பைப் பற்றி அப்புறம் பேசலாம்.