முகமறியாதார் சொல்

ஆரணி நகரத்திலும் அதைச் சூழ்ந்த சேவூர், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும், தறிக்குழியில் கால்களை இறக்கி, மிதியில் பாதமும் நாடாக் கயிற்றில் கையுமாகக் காலை முதல் அந்தி வரை உட்கார்ந்திருக்கும் பட்டு நெசவாளருக்கு, முன்பு வானொலிப் பெட்டி துணையிருந்த இடத்தில் இன்று கைபேசி துணையிருக்கிறது. ஆனால் வானொலி பேசிக்கொண்டே போகும். இதுவோ கேட்டால் பதில் சொல்கிறது. ஊர் பேர் தெரியாத எவரோ அதன் வழியாகத் தொழில் யோசனை கூறுகிறார், துக்கத்தில் தேற்றுகிறார், மனம் சோர்ந்த வேளையில் சிரிக்க வைக்கிறார். அந்நியரை நம்பித் தம் வாழ்க்கையைத் திறந்து காட்டுவது விவேகமா என்று பெரியவர்கள் அஞ்சுகிறார்கள். அவர்கள் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஆபத்து அவர்கள் காட்டும் திசையிலிருந்து வருவதில்லை என்பதே என் அபிப்பிராயம்.

அந்நியரிடம் ஆலோசனை பெறுவது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. 1947-இல் தோன்றிய குமுதத்தில், 'அரசு' என்ற பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதை அறியாமலேயே, குடும்பச் சிக்கல் முதல் சினிமா வரை சகல விஷயங்களையும் பற்றி வாசகர்கள் கேள்வி அனுப்பினார்கள். அந்தப் பதில்களுக்காகவே பத்திரிகையைப் புரட்டியவர்களும் இருந்தார்கள். முகம் தெரியாதிருந்தது உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு ஸ்தாபனம் பொறுப்பேற்றிருந்தது என்பதும் உண்மை. இந்த இரண்டாவது அம்சத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது விளங்கும்.

முதலில் தொழில் யோசனையைப் பார்ப்போம். ஆரணியில் நான் கண்ட ஒரு தறியில், சேலையின் கரையில் வரிசையாக ஏறிவந்த சரிகை மயில்களின் கழுத்தில் ஓர் இழை பிசகிக்கொண்டிருந்தது. நெசவாளர் ஜக்கார்டுப் பெட்டியின் கொக்கியைச் சந்தேகித்து, அதைக் கழற்றும் யோசனையில் இருந்தார். கழற்றுவதென்றால் அரை நாள் கூலி போயிற்று. துணியின் பழுதைப் படமெடுத்து நெசவாளர்கள் கூடிப் பேசும் வாட்ஸ்அப் குழுவில் அவர் போட்ட சற்று நேரத்துக்கெல்லாம், அவர் அதுவரை பார்த்தே அறியாத திருபுவனத்துக்காரர் ஒருவர் குரல் செய்தியில் கேட்டார்: "அண்ணே, பழுது கோடா தொடர்ந்து ஓடுதா, இல்ல மயிலுக்கு மயில் அதே எடத்துல மட்டும் வருதா?" மயிலுக்கு மயில்தான் என்று இவர் பதில் சொன்னதும், "அப்படின்னா கொக்கியத் தொடாதீங்க. ஏதோ ஒரு அட்டையில துளை அடைச்சிருக்கும், பாருங்க" என்றார். அட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஒன்றில் துளை தூசியும் பஞ்சும் ஏறி அடைத்திருந்தது. அடுத்த மயில் பழுதின்றி வந்தது.

இந்தச் சிறு சம்பவத்தில் நான் மதிப்பது அவருடைய ஞானத்தைக் காட்டிலும், தீர்ப்புச் சொல்வதற்கு முன் அவர் திருப்பிக் கேட்ட கேள்வியை. அந்தக் கேள்வியில், சொல்பவர் தாமும் தறியில் உட்கார்ந்தவர் என்பதற்கு அத்தாட்சி இருந்தது. தவிரவும், அவர் சொல் சரியா தவறா என்பதை அடுத்த சில அங்குல நெசவே சொல்லிவிடும். தவறாக இருந்திருந்தால் நஷ்டம் சில நிமிஷங்களுக்கு மேல் போயிராது. ஆனால் அதே குழுவில் முதுகுவலிக்கும், தறிக்காரர்களுக்குச் சகஜமான கண் எரிச்சலுக்கும் மருந்து கூறப்படும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. பலன் தெரிய மாதக்கணக்காகும். தவறு நேர்ந்தால் அதைத் திருத்தவும் இயலாது. தறியில் அவர்கள் கடைப்பிடிக்கும் கண்டிப்பான பரீட்சை உடம்பு விஷயத்தில் தளர்ந்துவிடுவதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

ஆறுதலின் கதை வேறு. ஆரணி போன்ற ஊரில் உறவும் சாதியும் தெருவும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பாவும் சரிகையும் கொடுக்கும் முதலாளியிடமே நெசவாளர் முன்பணம் வாங்கியிருப்பார். அந்த முதலாளியின் கணக்குப்பிள்ளை அடுத்த தெருவில் குடியிருப்பார். மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தி வீட்டாரும் அதே தொழிலில்தான் இருப்பார்கள். இப்படிப்பட்ட இடத்தில் "கடனை அடைக்க முடியவில்லை" என்று திண்ணையில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிவிட்டால், மறுநாளே அது அவருடைய கௌரவத்தையும் மகளின் கல்யாணத்தையும் சேர்த்துத் தாக்கும். எங்கோ இருக்கும் அந்நியருக்கு அந்தச் செய்தியால் ஆகவேண்டிய லாபம் ஒன்றும் இல்லை. ஆகையால் அவரிடம் அழ முடிகிறது. 2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, முகூர்த்த காலத்துச் சேலைகள் விற்காமல் அடுக்கில் கிடக்க, புதிய பாவு கிடைக்காமல் தறிகள் ஓய்ந்தபோது, "எங்க ஊர்லயும் இதே கதிதான் அண்ணே" என்ற ஒரு வரிக்கு இருந்த சக்தியைச் சாமானியமாக எண்ணிவிடக் கூடாது. தன் தரித்திரம் தன் குற்றமன்று என்பதை அந்த வரி புலப்படுத்திற்று.

ஹாஸ்யத்துக்கு வருவோம். 2019 மே மாதத்தின் இறுதியில், பாகிஸ்தானைச் சேர்ந்த கட்டடப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நில்லாமல், 2001-இல் வெளிவந்த 'பிரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற நேசமணியின் தலையில் அது விழுந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். உண்மையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார் என்று கருதி வேறொருவர் நலம் விசாரிக்க, நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யும்படி ஆயிரமாயிரம் தமிழர்கள் வேண்டிக்கொள்ள, டுவிட்டரில் அது உலகளவில் பேசப்பட்டது. யாரையும் புண்படுத்தாமல், ஒருவரையொருவர் கண்டறியாத அத்தனை பேர் கூடி விளையாடிய அந்த இரண்டு நாட்களை நான் நம் கால நகைச்சுவையின் உயர்ந்த தருணங்களுள் ஒன்றாகச் சொல்வேன். தறிமேடையில் கூலியைப் பற்றியும் மின்வெட்டைப் பற்றியும் வடிவேலு முகத்தோடு சுற்றும் படங்கள் அந்த மரபைச் சேர்ந்தவையே.

ஆனால் இதே மாவட்டத்தில், ஆரணிக்குத் தென்மேற்கே, போளூரை அடுத்த அத்திமூரில் 2018 மே 9 அன்று நடந்ததை மறந்துவிட்டு இந்த வழக்கத்தைப் புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வக் கோவிலுக்குச் சென்றுகொண்டிருந்த 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காகப் பிள்ளை பிடிக்க வந்தவர் எனச் சந்தேகிக்கப்பட்டு, கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி அந்நாட்களில் வாட்ஸ்அப்பில் பரவியிருந்தது. இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வதந்தியை ஒவ்வொருவருக்கும் கொண்டுவந்து சேர்த்தவர் அந்நியர் அல்லர். மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், உடன் படித்தவர். கொண்டுவந்தவரைத் தெரிந்திருந்ததனாலேயே, முதலில் சொன்னவர் எவர் என்று யாரும் விசாரிக்கவில்லை. அந்நியராக அங்கே இருந்தவர்கள் மாண்டுபோன மூதாட்டியும் அவரோடு வந்த உறவினர்களுமே. திருபுவனத்துக்காரரின் சொல்லுக்கு அவர் குரலும் அவர் தறியின் ஓசையும் சாட்சியாக இருந்தன. கேட்டால் பதில் சொல்ல அவர் அங்கேயே இருந்தார். அத்திமூரில் உயிரைக் கொன்ற சொல்லுக்கோ சொந்தக்காரரே இல்லை. நாடெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பிறகு, 2018 ஜூலையில், ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒரே சமயத்தில் தள்ளிவிட முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு விதித்தது. வேகம் குறையலாம், சொல்லுக்கு உடையவர் அதனால் வந்துவிடவில்லை.

இன்னொரு நஷ்டத்தைப் பற்றித் தறிக்காரர்கள் தாமே கசப்போடு பேசுகிறார்கள். புதிதாகப் போட்ட முந்தியைப் படமெடுத்துப் பாராட்டுக்காக அனுப்பினால், அந்தப் படமே கைமாறி விசைத்தறிக்குப் போய், குறைந்த விலைச் சேலையாகத் திரும்பி வருகிறது என்கிறார்கள். சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், தன் கைவேலையைக் காட்டி நாலு பேர் மெச்சக் கேட்கும் நியாயமான சந்தோஷத்தை அவர்கள் அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் தறியில் உட்காருபவரைப் பற்றியது. தார் சுற்றுகிறவளும், அறுந்த இழையைப் பிணைக்கிறவளும், பல வீடுகளில் மறுதறியில் நெய்கிறவளுமான பெண்ணுக்கு இந்தக் கூட்டத்தில் எவ்வளவு இடம் உண்டு? பகலெல்லாம் கணவர் எதைக் கேட்கிறாரோ அதையே அவளும் கேட்கிறாள். அவருடைய கேள்விக்கு வரும் பதிலே அவள் காதிலும் விழுகிறது. அவளுடைய தோள்வலியையும் கடன் கவலையையும் பொறுமையாகக் கேட்கக்கூடிய அந்நியப் பெண் ஒருத்தி காஞ்சிபுரத்திலோ திருபுவனத்திலோ இருக்கவே செய்வாள். ஆனால் அவளோடு பேசுவதற்கான கைபேசி இவள் கைக்கு வருவது, அடுப்படி வேலை ஓய்ந்து, பிள்ளையின் பாடமும் முடிந்த பிறகுதான்.