‘பதிவேடு’ முதல் ‘அப்டேட்’ வரை: நூலக ஊழியருக்கு என்ன சொல்லப்படுகிறது?

இரண்டு கிழமைக்கு ஒருமுறை எனது வேலைத்தள மின்னஞ்சலுக்கு ஒரு செய்திமடல் வருகிறது. இங்கிலாந்தின் ஒரு நகரசபைக்குக் கீழுள்ள பொதுநூலகங்களில் வேலைசெய்பவர்களுக்கானது அது. மேலே சிரித்த முகங்களின் படம். கீழே ‘செய்திகள்’, ‘உங்கள் விருத்தி’, ‘பாராட்டுக்கள்’ என்று மூன்று பகுதிகள். எங்களில் பலர் அதனை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் செய்துவந்தேன். பிறகுதான், ஒரு நாவலை வாசிக்கும் அக்கறையுடன் இந்த மடலையும் வாசித்துப் பார்த்தாலென்ன என்று தோன்றியது. இலக்கியம் என்று எவரும் மதிக்காத எழுத்துக்களை நாம் விமர்சிப்பதில்லை. ஆனால் எமது அன்றாட வாழ்வைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அத்தகைய எழுத்துக்களே.

முதலில் அதன் இலக்கணத்தைப் பார்ப்போம். மடலில் ‘நீங்கள்’ என்ற சொல் பயிற்சிப் பகுதியில்தான் வருகிறது. நீங்கள் கற்றுக்கொள்ளலாம், நீங்கள் இணைந்துகொள்ளலாம், உங்கள் மனவலிமையை நீங்கள் வளர்த்துக்கொள்ளலாம். ‘நாம்’ என்ற சொல் பாராட்டுப் பகுதிக்கு உரியது. நாம் கோடைகால வாசிப்புப் போட்டியைச் சிறப்பாக நடத்தினோம். செய்திகளுக்கு வந்தால் எழுவாயே காணாமல் போய்விடுகிறது. ‘திறந்திருக்கும் நேரங்கள் மீளாய்வு செய்யப்பட்டுள்ளன.’ ‘சேவை மீள்வடிவமைக்கப்படுகிறது.’ யார் மீளாய்வு செய்தார்? எவருடைய வேலை மீள்வடிவமைக்கப்பட்டது? கற்கவேண்டியவர் தெளிவாகத் தெரிகிறார், தீர்மானித்தவரைக் காணவில்லை. இதனை எழுதுபவர் தலைமைக் காரியாலயத்தில் என்னைப்போலவே சம்பளத்துக்கு வேலைசெய்யும் ஒருவர். இந்த வாக்கியங்கள் அவரது கைக்கு வருமுன்பே அமைந்துவிட்டவை.

இந்த மொழி எப்போதும் இப்படி இருந்ததா என்ற கேள்விக்கு இத்தொழிலின் பத்திரிகை வரலாறே ஒரு விடை தருகிறது. பிரித்தானியாவின் நூலகர் சங்கம் 1877இல் தொடங்கப்பட்டது. 1899 முதல் அதன் இதழ் ‘லைப்ரரி அசோசியேஷன் ரெக்கோர்ட்’ என்ற பெயரில் வெளிவந்தது. ரெக்கோர்ட் என்றால் பதிவேடு. 2002இல் அச்சங்கம் தகவல் விஞ்ஞானிகளின் அமைப்புடன் இணைந்து ‘சிலிப்’ ஆனபோது இதழின் பெயரில் ‘அப்டேட்’ வந்து சேர்ந்தது. பின்னர் அதுவும் மாறி ‘இன்ஃபர்மேஷன் புரொஃபெஷனல்’ ஆயிற்று. பெயர்களை மட்டும் வைத்து ஒரு தொழிலின் கதையைச் சொல்லிவிடலாம் என்று நான் வாதிடவில்லை. ஆயினும் பதிவேடு என்பது நேற்று நடந்ததைப் பின்னால் வருபவருக்காக வைத்திருக்கும் பொருள். அப்டேட் நேற்றையதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் வந்து உட்காருகிறது. மூன்றாவது பெயரில் நூலகம் என்ற சொல்லே இல்லை.

எனது மேசைக்கு வரும் மடல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதற்கு ஞாபகம் கிடையாது. சென்ற வருடம் ‘உற்சாகமான புதிய தொடக்கம்’ என்று அறிவிக்கப்பட்ட திட்டம் இவ்வருடம் ஏன் நின்றுபோனது என்று அது ஒருபோதும் சொன்னதில்லை.

அது சொல்லாத பெரிய செய்தி ஒன்று உண்டு. 2016இல் பிபிசி நகரசபைகளிடமிருந்து திரட்டி வெளியிட்ட விபரங்களின்படி, 2010க்குப் பின்னான ஆறு வருடங்களில் பிரித்தானியாவில் 343 நூலகங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 8,000 வேலைகள் இல்லாமற்போயின. அதாவது நூலக ஊழியர்களில் நாலிலொரு பங்கு. அதே காலத்தில் சம்பளமற்ற தொண்டர்களாக 15,500 பேர் சேர்க்கப்பட்டார்கள். 1964ஆம் ஆண்டின் பொதுநூலகச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முழுமையான, திறமான நூலகச் சேவையை வழங்குவதை உள்ளூராட்சிகளின் கடமையாக்கியிருக்கிறது. அந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கும்போதே இவையெல்லாம் நடந்தன. எங்கள் கிளையில் நான் சேர்ந்தபோது ஒன்பது பேர் இருந்தோம். இப்போது நாலு பேர். மீதி ஐந்து பேரும் ஒவ்வொருவராக மடலின் பாராட்டுப் பகுதியில் பூங்கொத்துடன் தோன்றி மறைந்தார்கள். அவர்களுடைய இடங்கள் நிரப்பப்படவில்லை என்ற செய்தி எந்த இதழிலும் வந்ததில்லை.

இங்குதான் ‘விருத்தி’ என்ற சொல்லின் அரசியலைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊர் ஆசிரியர்களுக்கு ‘வாண்மை விருத்தி’ என்ற சொற்றொடர் பழக்கமானது. கல்வித் திணைக்களச் சுற்றறிக்கைகளில் அது அடிக்கடி வரும். வகுப்பறைக்குக் கூரை இல்லாத பாடசாலையின் ஆசிரியருக்கும் வாண்மை விருத்திக் கருத்தரங்குக்கான அழைப்பு வரும். குறை கூரையிலிருந்து ஆசிரியருக்கு இடம்மாறிவிடும். இங்கும் அதுவே நடக்கிறது. நாலு பேர் ஒன்பது பேரின் வேலையைச் செய்யும்போது வரும் களைப்புக்கு ‘ரிசிலியன்ஸ்’ என்று பெயரிட்டு ஒருமணிநேரப் பயிற்சி தரப்படுகிறது. ஆட்குறைப்பு என்ற நிர்வாகத்தின் தீர்மானம் ஊழியரின் திறமைக்குறைவாக மொழிபெயர்க்கப்பட்டுவிடுகிறது.

பயிற்சிகள் எல்லாமே வெறும் ஏமாற்று என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். மறதிநோய் பற்றிய ஒரு பயிற்சிக்கு வேண்டாவெறுப்பாகப் போயிருந்தேன். அதற்குச் சில மாதங்களின்பின் எங்கள் ஊர் ஐயா ஒருவர் கிழமைதோறும் கருமபீடத்துக்கு வந்து, தான் முதல்நாளே திருப்பித் தந்த புத்தகத்தைத் தரவில்லை என்று கலங்கிநிற்கத் தொடங்கினார். இங்கிலிஸ் அவரிடமிருந்து மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. “தம்பி, தண்டப்பணம் எவ்வளவு?” என்று தமிழில்தான் கேட்பார். திருத்த வேண்டாம், வாதிட வேண்டாம், அவருடைய பயத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்று அந்தப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். “ஐயா, எல்லாம் கட்டியாச்சு, நீங்கள் யோசியாதேங்கோ” என்பேன். அவர் முகம் தெளிந்து போவார். அந்த ஒருமணிநேரத்துக்கு நான் இன்றும் நன்றியுடையவன். அது பயனுடையதாயிருந்ததற்குக் காரணம் எளிமையானது. அந்தப் பயிற்சி என்னைத் திருத்த முயலவில்லை. எனக்கு முன்னால் நிற்கும் மனிதரைப் பற்றிச் சொன்னது.

நூலகத் தொழிலின் தொடக்கத்தில் இந்த அக்கறை மையத்தில் இருந்தது. சீர்காழியில் பிறந்து கணித விரிவுரையாளராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக நியமிக்கப்பட்டு, பயிற்சிக்காக இலண்டன் வந்தார். இங்கு அவர் பாடம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. குறொய்டன் நூலகத்திலும் வேறு பல நூலகங்களிலும் வாசகர் எப்படி வருகிறார், ஊழியர் எப்படி எழுந்து நிற்கிறார் என்று பார்த்துத் திரிந்தார். திரும்பிப்போய் 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாக முன்னின்றார். அடுத்த வருடமே நூலகப் பயிற்சி வகுப்பும் தொடங்கியது. 1931இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. புத்தகம் பாவனைக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று அவர் வகுத்த ஒழுங்கில் ஊழியரின் பயிற்சி தனியான ஓர் அலங்காரமாக நிற்பதில்லை. வாசகரையும் புத்தகத்தையும் சந்திக்கவைக்கப் போதுமான ஆட்களும் நேரமும் வேண்டும் என்பதிலிருந்து அது பிறக்கிறது. ஆளைக் குறைத்துவிட்டு ஆற்றலைக் கூட்டுவது அவருடைய கணக்கில் வராது.

2024 ஆகஸ்ட் மாதத்தில் இந்த மடலின் மௌனம் எனக்குத் தாங்கமுடியாததாயிற்று. சவுத்போர்ட்டில் சிறுமிகள் கொல்லப்பட்டதன்பின் பொய்ச்செய்திகளால் தூண்டப்பட்ட வன்முறை குடியேறியவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் எதிராகப் பல நகரங்களில் வெடித்தது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு லிவர்பூலின் வோல்ட்டன் பகுதியில் ஸ்பெலோ நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. தீயணைப்பு வண்டியையும் தாக்கினார்கள். இரண்டு சம்பவங்களையும் சமப்படுத்துவது பிழை என்பது எனக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாணத்தில் தீ வைத்தவர்கள் அரசின் காவலர்கள். லிவர்பூலில் அரசு அதைக் குற்றமென்று சொன்னது. மக்கள் பணம் சேர்த்தார்கள். டிசம்பரில் நூலகம் மீண்டும் திறக்கப்பட்டது. எமது நூலகம் மீண்டும் திறக்கப்பட இருபது வருடங்களுக்கு மேல் எடுத்தது. ஆயினும் மறுநாள் கருமபீடத்தில் நின்ற எனக்கும், தலையில் முக்காடிட்டு வேலைக்கு வந்த சோமாலிய சகோதரிக்கும் வாசற்கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு திடுக்கிட்டது.

அடுத்த மடல் வந்தது. ‘சமீபத்திய நிகழ்வுகள்’ என்ற தலைப்பில் ஏழு வரிகள். உளவள ஆலோசனைக்கான ஒரு தொலைபேசி இலக்கம். கோபமடைந்த வாசகரைச் சாந்தப்படுத்துவது எப்படி என்ற இணையவழிப் பயிற்சிக்கு ஓர் இணைப்பு. எரிந்தது ஒரு நூலகம் என்ற சொல் இல்லை. யாருக்கு எதிராக என்ற சொல் இல்லை. எங்கள் சகோதரி அதை வாசித்துவிட்டு, “என்னை அடிக்க வருபவன் எந்தப் புத்தகம் கிடைக்காத கோபத்தில் வருகிறான்?” என்று கேட்டாள். அந்த மடல் பற்றி எழுதப்படக்கூடிய மிகச்சிறந்த விமர்சனம் அதுதான். இந்தக் கட்டுரை அதன் விரிவுரை மட்டுமே.

வேறுவிதமாகவும் எழுதலாம் என்பதற்கு உதாரணம் உண்டு. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் முடக்கப்பட்டுக் கப்பம் கேட்கப்பட்டது. நூலகம் கப்பம் கட்டவில்லை. திருடப்பட்ட தரவுகள் வெளியிடப்பட்டன. பட்டியலே மாதக்கணக்கில் வாசகருக்குக் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில் அந்நூலகம் தன் தவறுகளைத் தானே எழுதி வெளியிட்டது. பழைய கணினி அமைப்புக்கள், போதாத பாதுகாப்பு, மீள்வதில் தாமதம் எல்லாம் அதில் இருந்தன. நான் வாசித்த எந்தப் பயிற்சிக் கையேட்டைவிடவும் அதிலிருந்து அதிகம் கற்றேன். தோல்வியைச் சொல்லும் எழுத்துக்கு எழுவாய் தேவைப்படுகிறது. எழுவாய் வந்ததும் கற்றலும் கூடவே வருகிறது. சிலிப்பின் அங்கத்தவர்களும் 2013இல் நூலகத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். சண்டை பிடிக்கத் தெரிந்த தொழில்தான் இது. அந்தக் குரலைத்தான் எங்கள் மடல் உள்ளே விடுவதில்லை.

இவ்வளவையும் வெள்ளைக்காரரின் குறையாகச் சொல்லி முடித்துவிட்டால் அது எமக்கு வசதியானதாக இருக்கும். ஆனால் யாழ்ப்பாண நூலகம் பற்றி நாற்பது வருடங்களுக்கு மேலாக எழுதிவரும் நாம் 97,000 நூல்கள் என்ற எண்ணிக்கையை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். தீயைக் கண்டு உயிர்விட்ட தாவீது அடிகளை நினைவுகூருகிறோம். அந்த நூல்களுக்கு இலக்கமிட்டவர், பட்டியல் எழுதியவர், பழுதுபார்த்து ஒட்டியவர், மறுநாட் காலை வேலைக்கு வந்து சாம்பலைப் பார்த்தவர் பற்றி எத்தனை கவிதைகள் எழுதினோம்? புத்தகம் எமக்குப் புனிதம். அதனை இன்னொருவர் கைக்குக் கொண்டுசேர்க்கும் வேலை எமக்கு எடுபிடி வேலை. நூலகத்தை ஒரு சின்னமாக்கியபோது அதன் தொழிலாளரை நாமும் எழுவாயற்ற வாக்கியத்துக்குள் தள்ளிவிட்டோம். எங்கள் மடலை எழுதுபவருக்கும் எமக்கும் இந்த விடயத்தில் அதிக வித்தியாசமில்லை.

எமக்கும் ஒரு முயற்சி இருந்தது. 1980களில், யுத்தத்தின் நடுவே, யாழ்ப்பாணத்திலிருந்து என். செல்வராஜா ‘நூலகவியல்’ என்ற காலாண்டிதழை வெளியிட்டார். நூலகத்தில் வேலைசெய்பவருக்குத் தமிழில் அவருடைய தொழில் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்த இதழ் அது. எரிந்த நூலகத்தின் நகரத்திலிருந்து அப்படியொன்று வந்ததை எமது இலக்கிய வரலாறுகள் பொருட்படுத்தியதில்லை. பின்னர் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் எமது எழுத்துக்களில் பெரும் பகுதியைக் காப்பாற்றித் தந்தது. அதனைத் தினமும் பாவிக்கும் நாம், அதன் பின்னால் பக்கம் பக்கமாக மின்வருடி விபரம் பதியும் கைகளைப் பற்றி எப்போதாவது யோசித்திருக்கிறோமா? புகலிடத் தமிழ்ப் பாடசாலைகளின் மூலைகளில் பூட்டிய அலுமாரிகளில் கிடக்கும் புத்தகங்களுக்குச் சேர்க்கைப் பதிவேடு உண்டா? திறப்பு யாரிடம் என்பதே பலருக்குத் தெரியாது.

ஆகவே எனது கோரிக்கை சிறியது. நூலக ஊழியருக்கான ஒரு மடல் ஒவ்வொரு இதழிலும் மூன்று விடயங்களைச் சொல்லட்டும்: இன்று எத்தனை பேர் வேலைசெய்கிறோம், சென்ற முறை எது பிழைத்தது, கருமபீடத்தில் நிற்பவர் என்ன சொல்கிறார். அப்போது அது மறுபடி பதிவேடாகும். இதனை நகரசபை மேலாளருக்கும் எழுதி அனுப்பினேன். ‘உங்கள் பின்னூட்டம் பெறப்பட்டது’ என்று பதில் வந்தது. யாரால் பெறப்பட்டது என்று அதில் இல்லை.

இதே மூன்று கேள்விகளை எமது சங்கங்களிடமும், ஆவணம் சேர்க்கும் நண்பர்களிடமும், இந்த இதழிடமும் கேட்கிறேன். பதில் எழுதுபவர்கள் தயவுசெய்து எழுவாயுடன் எழுதுங்கள்.