பைண்ட்: மறந்தால் திறந்துகொள்ளும் கதவு

சி மொழியில் சாக்கெட் நிரல் சொல்லித்தரும் பாடக் குறிப்பு எதைப் புரட்டினாலும் அதே நாலு வரிதான். முகவரிக் கட்டமைப்பை மெம்செட் போட்டு பூஜ்யமாக்கு, போர்ட் எண்ணை நிரப்பு, ஐபி முகவரி வர வேண்டிய இடத்தில் இன்அடர்_எனி என்று எழுது, பைண்டைக் கூப்பிடு. திருக்கனூரில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளும் இதை மந்திரம் மாதிரி ஒப்பிப்பாங்க. "அந்த எனி எதுக்குப்பா?" என்றால், "அப்பதான் சார் ஓடும்."

ஓடும். ஆனால் யாருக்காக ஓடுது? பைண்ட், சாக்கெட்டுக்கு நம் பக்கத்து முகவரியை ஒதுக்குகிறது. அதில் போர்ட் பாதிதான். மெஷினின் எந்த ஐபியில் காது கொடுப்பது என்பது மீதிப் பாதி. 127.0.0.1 கொடுத்தால் அதே மெஷினில் ஓடும் நிரல்கள் மட்டும் பேசலாம். இன்அடர்_எனி, அதாவது 0.0.0.0, என்றால் வைஃபை, கேபிள் என எந்த வழியாக வந்தாலும் ஏற்கும். ஹாஸ்டல் வைஃபையில் உட்கார்ந்து எழுதும் அரைகுறை சர்வருக்கு இது தேவையா?

பாடத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை, வடிவமைப்பே அப்படித்தான். இன்அடர்_எனியின் மதிப்பு பூஜ்யம். மெம்செட் போட்டபின் ஐபியை நிரப்ப மறந்தால் பைண்ட் பிழை காட்டாது, கம்பைலரும் வாய் திறக்காது. சர்வர் எல்லாப் பக்கமும் திறந்துகொள்ளும். 1983-ல் 4.2 பிஎஸ்டியோடு இது வந்தபோது நெட்வொர்க்கில் இருந்தது பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும். அன்றைக்குச் சரி.

2018 பிப்ரவரியில் கிட்ஹப் மீது விநாடிக்கு 1.35 டெராபிட் வெள்ளம் பாய்ந்தது. அதை அனுப்பியவை யார் யாரோ நிறுவி, இணையத்தைப் பார்த்தபடி திறந்துவிட்டிருந்த மெம்கேஷ்ட் சர்வர்கள், யுடிபி 11211 போர்ட். சின்னக் கேள்விக்குப் பெரிய பதில், அதுவும் போலி முகவரிக்கு. அதன்பிறகு வந்த 1.5.6 பதிப்பில்தான் யுடிபி தானாக இயங்குவதை நிறுத்தினார்கள். மோங்கோடிபியும் 2017-ல் திறந்துகிடந்த தரவுத்தளங்கள் பணயக் கொள்ளைக்கு ஆளான பிறகுதான், 3.6 பதிப்பில் லோக்கல்ஹோஸ்டை இயல்பாக்கியது.

லினக்ஸின் பைண்ட் கையேட்டுப் பக்கமாவது உதவுமா? அங்குள்ள எடுத்துக்காட்டு யூனிக்ஸ் டொமைன் சாக்கெட். அதில் ஐபியே கிடையாது. ஐபி விவரத்துக்கு வேறு பக்கம் தேடணும்.

நான் முதல் பாடத்தில் இன்அடர்_லூப்பேக்தான் எழுதவைக்கிறேன், எச்டுஎன்எல் போட்டு. ஓடவிட்டதும் எஸ்எஸ் கட்டளையால் எந்த முகவரியில் கேட்குதுன்னு பார்க்கச் சொல்வேன். இரண்டாவது மெஷினிலிருந்து இணையும் பயிற்சி வரும்போதுதான் அந்த வரியை மாற்றுவது. சில பிள்ளைகள் அப்போதும் கேட்கிறாங்க, "எனி போட்டா ஒரே வேலையா முடிஞ்சிடுமே சார்?"