ஒளியும் மையும்: புரோமாயில் அச்சின் மரபுகள்

கறுப்பு வெள்ளைப் படத்தின் கருமை வெள்ளித் துகளிலிருந்து வருவது. புரோமாயில் அச்சில் அந்த வெள்ளியை முழுவதும் நீக்கிவிட்டு, அதன் இடத்தில் தூரிகையால் எண்ணெய் மையை ஏற்றுகிறார்கள். எந்த இடத்தில் எவ்வளவு மை என்பதை ஒளியும் கையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இரண்டில் எதன் சொல் எடுபட வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே இக்கலையின் பள்ளிகள் பிரிந்தன.

தோற்றம்

டைகுரோமேட் கலந்த ஜெலட்டின் ஒளி பட்ட இடத்தில் இறுகும். இறுகிய இடம் எண்ணெய் மையைப் பற்றும். பிரான்சின் அல்போன்ஸ் புவாத்வேன் 1855இல் இந்த இயல்பை அச்சுக்குப் பயன்படுத்தினார். 1904இல் இங்கிலாந்தின் ஜி.இ.எச். ராலின்ஸ் இதை எண்ணெய் அச்சாக வளர்த்தார். ஆனால் அதற்கு அச்சின் அளவுக்கே நெகட்டிவ் வேண்டியிருந்தது. இதற்கு 1907இல் இ.ஜே. வால் வழி சொல்ல, வெல்போர்ன் பைப்பர் அதை நடைமுறையாக்கினார். பெரிதாக்கிய புரோமைடு அச்சிலேயே மை ஏற்றலாம் என்றானதும், சிறிய கேமரா வைத்திருந்தவர்களுக்கும் இக்கலை கைவந்தது.

செய்முறை

மயில்துத்தம், பொட்டாசியம் புரோமைடு, டைகுரோமேட் மூன்றும் சேர்ந்த கரைசலில் அச்சு வெளுக்கும். வெள்ளி அடர்ந்திருந்த அளவுக்கு ஜெலட்டின் இறுகும். மிச்ச வெள்ளியை நீக்க ஹைப்போ கரைசலில் இட்டு, கழுவி, உலர்த்தி, மீண்டும் நீரில் ஊறவைத்தால், வெளிச்சப் பகுதிகள் நீர் குடித்து உப்பும். நிழல் பகுதிகள் அப்படியே இருக்கும். மேல்நீரை ஒற்றியெடுத்துவிட்டு, சாய்வாக வெட்டிய பன்றிமுடித் தூரிகையால் கெட்டியான லித்தோ மையை மெல்லத் தட்டித் தட்டி வைக்க வேண்டும். முதலில் சாம்பல் படலமாகத் தெரிவதில் மெதுவாக மரக்கிளை பிரியும், பிறகு இலை. வானத்தில் மை கூடிவிட்டால் அதே தூரிகையைத் துள்ளவிட்டு எடுக்கலாம். நிழலுக்குக் கெட்டி மை, வெளிச்சத்துக்குச் சற்று இளகிய மை. டைகுரோமேட் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக்கூடாது.

பள்ளிகள்

பாரிஸின் ரொபேர் தெமாஷி கையின் பக்கம் நின்றவர். கலைஞர் தலையிடாத அச்சு கலையாகாது என்று வாதாடினார். அவருடைய எண்ணெய் அச்சுகளில் தூரிகைத் தடம் ஒளிவுமறைவின்றித் தெரியும்.

வியன்னாவின் எமில் மேயர் வழக்கறிஞர். தெரு வியாபாரிகளையும் நகரத்து அன்றாடத்தையும் படம் பிடித்தவர். புரோமாயிலுக்கு அவர் எழுதிய கையேடு ஆங்கிலத்திலும் வந்து, பல நாட்டாருக்குப் பாடநூலானது. 1938இல் நாஜிகள் வியன்னாவைக் கைப்பற்றிய சில மாதங்களில் அவரும் மனைவியும் உயிரை மாய்த்துக்கொண்டனர். அவர் படங்களில் பெரும்பகுதி அழிந்தும் அந்தக் கையேடு தப்பியது.

பெல்ஜியத்தின் லெயோனார் மிசோன் சுரங்கப் பொறியியல் படித்தவர். பனி மூடிய சாலை, எதிர்வெயிலில் நடக்கும் மாடுகள் என்று ஒளியையே பொருளாகக் கொண்டார். அவரிடம் மை அந்த ஒளிக்குப் பணி செய்கிறது. பார்சிலோனாவில் மருத்துவர் ஜோக்கிம் ப்ளா ஜனினி, மை ஏற்றிய படத்தை அழுத்துப்பொறியில் வேறு தாளுக்கு மாற்றும் முறையில் தேர்ந்தார். பிரிட்டனில் 1931இல் அமைந்த புரோமாயில் வட்டம் இந்த அறிவு அறுபடாமல் காத்தது.

1932இல் அமெரிக்காவில் எஃப்/64 குழு கூர்மையான, கை படாத அச்சே ஒளிப்படம் என்று முழங்கியது. புரோமாயில் ஓரத்துக்குப் போனது. மேற்பூச்சு கொண்ட தாள்கள் பெருகியதால் மை பிடிக்கும் தாளும் அரிதானது.

தரம்

அடிப்படை அச்சில் நிழலிலும் வெளிச்சத்திலும் விவரம் இருக்க வேண்டும். அங்கே இல்லாததை மையால் கொண்டுவர முடியாது. வெளிச்சப் பகுதியில் அழுக்கு படியக்கூடாது. ஆழ்ந்த நிழலிலும் பரப்பின் நயம் தெரிய வேண்டும். மங்கலாக இருப்பதாலேயே ஒரு படம் கலையாகிவிடாது. மை கூடியதற்கும் குறைந்ததற்கும் படத்திலேயே காரணம் இருக்க வேண்டும். தெமாஷியின் துணிவையும் மிசோனின் அடக்கத்தையும் இந்த ஒரே அளவுகோலால் அளக்கலாம், இருவரும் தேறுவார்கள். புதிதாகத் தூரிகை எடுப்பவர்கள் எந்தப் பள்ளியைச் சேர்ந்தாலும், இந்த அளவுகோலைக் கைவிடலாகாது.