வழியிசைக் குழுக்கள்: மூலமும் போலியும் குறித்த ஒரு திறனாய்வு

0. முன்னுரை

புகழ்பெற்ற ஓர் இசைக்குழுவின் பாடல்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, அக்குழுவின் ஒலியமைப்பையும் சில வேளைகளில் மேடைத் தோற்றத்தையும் பின்பற்றி நிகழ்த்தும் குழுக்கள் மேலைநாடுகளில் ‘டிரிப்யூட் பேண்ட்’ எனப்படுகின்றன. பலருடைய பாடல்களையும் கலந்து பாடும் ‘கவர் பேண்ட்’ எனும் குழுக்களினின்றும் இவை வேறானவை. இங்கிலாந்தில் 1980இல் தோன்றிய பூட்லெக் பீட்டில்ஸ், ஆஸ்திரேலியாவில் 1988இல் தோன்றிய ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்டு ஷோ போன்ற குழுக்கள் பெரிய அரங்குகளில் நிகழ்ச்சி நடத்தும் அளவுக்கு வளர்ந்துள்ளன. ஆயினும் பிறர் படைப்பில் வாழ்வன, சொந்தக் கற்பனை அற்றன என்னும் குற்றச்சாட்டுகள் இவற்றை விட்டு நீங்கவில்லை. இதே குற்றச்சாட்டுகள் மொழிபெயர்ப்பின்மீதும் நெடுங்காலமாகச் சுமத்தப்பட்டு வந்துள்ளன. ஆகவே இக்குழுக்களை மதிப்பிடும் அளவுகோல் எது என்னும் வினா மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய வினாவாகிறது. அவ்வளவுகோலை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லும் பொருளும்

1.1 ‘டிரிப்யூட்’ என்பது இலத்தீன் வழி வந்த சொல். தோற்ற அரசன் வென்ற அரசனுக்குச் செலுத்தும் பொருளை அது முதலில் குறித்தது. தமிழில் இதற்கு நேரான சொல் ‘திறை’. பின்னர் அச்சொல் மதிப்பின் வெளிப்பாட்டையும் குறிக்கலாயிற்று. இசைக்குழுக்களைப் பற்றிப் பேசும்போது இப்பிற்காலப் பொருளே வழங்குகிறது.

1.2 இதற்குத் தமிழில் ‘அஞ்சலி’ என்னும் சொல்லை ஆளலாமா? கைகுவித்து வணங்குதல் என்பது அதன் பழம்பொருள். இன்றைய வழக்கில் பொருட்குறுக்கம் ஏற்பட்டு, மறைந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையையே அது பெரிதும் சுட்டுகிறது. ஆனால் மூலக்குழுவினர் வாழும்போதே தோன்றிய டிரிப்யூட் குழுக்கள் பல. பிங்க் ஃபிளாய்டு குழுவைச் சேர்ந்த டேவிட் கில்மோரின் ஐம்பதாம் பிறந்தநாள் விழாவில் 1996இல் ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்டு ஷோ குழு வாசித்தது. அந்நிகழ்ச்சியை அஞ்சலி என்று தமிழில் பெயர்த்தால் பொருள் திரிந்துவிடும்.

1.3 ‘போலி’ என்னும் சொல் இருவேறு நிலைகளில் வழங்குகிறது. உலக வழக்கில் அது வஞ்சனையைக் குறிக்கிறது. போலி மருந்து, போலிப் பத்திரம் என்பன காண்க. இலக்கண வழக்கிலோ இழிபொருள் சிறிதும் இல்லை. ‘அறம்’ என்பது ‘அறன்’ எனவும், ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ எனவும் நிற்கும்போது ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து, பொருள் மாறாமல் பணி செய்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நின்றும் பொருள் கெடாமையே இலக்கணப் போலியின் அடிப்படை. டிரிப்யூட் குழுக்கள் இவ்விரண்டனுள் எவ்வகைப் போலி என்பதே இங்கு எழும் வினா.

2. பெயரமைப்பு காட்டும் உண்மை

வஞ்சனைப் போலி தன் இயல்பை மறைக்கும். டிரிப்யூட் குழுவோ அதனைப் பெயரிலேயே அறிவித்துவிடுகிறது. இக்குழுப் பெயர்களை மூன்று வகையாகப் பகுக்கலாம்.

அ) மூலப்பெயரோடு அடை சேர்ந்து வருவன. ‘பூட்லெக்’ என்னும் அடை இசைத்துறையில் உரிமம் பெறாத பதிவைக் குறிக்கும். பூட்லெக் பீட்டில்ஸ் குழு தன்னைத் தானே திருட்டுப் பதிப்பு என்று நகைச்சுவையுடன் அறிவித்துக்கொள்கிறது.

ஆ) மூலக்குழுவின் பாடற்பெயரே குழுப்பெயராக வருவன. ஜெனசிஸ் குழுவின் பாடல்களை நிகழ்த்தும் கனடா நாட்டு மியூசிக்கல் பாக்ஸ், பீட்டில்ஸ் பாடல்களை நிகழ்த்தும் ரெயின் ஆகியன இவ்வகையின.

இ) சொல்விளையாட்டாக வருவன. ஆப்பா குழுவைப் பின்பற்றும் ஆஸ்திரேலியக் குழுவின் பெயர் பியோர்ன் அகெய்ன். ஆப்பா உறுப்பினர் ஒருவரின் பெயரும், ‘மறுபடி பிறந்த’ என்னும் ஆங்கிலத் தொடரும் இதில் ஒலியொப்புமையால் இணைகின்றன. பீட்டில்ஸ் குழுவினரின் செல்லப்பெயர் ‘ஃபேப் ஃபோர்’, அதாவது அருமை நால்வர். நியூயார்க்கில் 1998இல் அமைந்த குழு ‘ஃபேப் ஃபோ’ என்று பெயர் சூட்டிக்கொண்டது. ‘ஃபோ’ என்பது போலி எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்.

மூன்று வகைப் பெயர்களும் கேட்போரிடம் ஓர் உடன்பாட்டை ஏற்படுத்துகின்றன. ‘இவர்கள் அவர்கள் அல்லர்’ என்பதை அறிந்தே அவையோர் அரங்கினுள் நுழைகின்றனர். அட்டையில் ‘மொழிபெயர்ப்பு’ எனக் கண்டு நூலை வாங்கும் வாசகரின் நிலையும் இதுவே. ஏமாற்று என்னும் குற்றச்சாட்டு இதனால் வலுவிழக்கிறது.

3. எது மூலம்?

3.1 நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ என்னும் நூலில் கலைகளை இரு வகையாகப் பிரித்தார். ஓவியத்தில் ஓவியரின் கைப்பட்ட படைப்பு ஒன்றே மூலம்; எவ்வளவு நுட்பமான நகலும் மூலமாகாது. குறியீட்டில் எழுதப்பட்ட இசையிலோ, அக்குறியீட்டுக்கு இயைய யார் நிகழ்த்தினாலும் அது அப்படைப்பின் உண்மையான நிகழ்வே. பீத்தோவனின் இசைக்கோவையை இன்று வாசிப்போரை எவரும் போலி என்பதில்லை.

3.2 ராக் இசையில் பாடல் பெரும்பாலும் இசைக்குறியீடாக எழுதப்பட்டு நிலைபெறுவதில்லை, ஒலிப்பதிவாகவே நிலைபெறுகிறது. பதிவே முதன்மைப் படைப்பு என்று தியடோர் கிரேசிக் 1996இல் வாதிட்டார். அவ்வாறாயின் டிரிப்யூட் குழு வாசிக்கும் பனுவல் அப்பதிவேயாகும். நாடாவில் உறைந்த ஒலியைச் செவியால் வாசித்துக் கைக்கும் குரலுக்கும் மாற்றுவது அதன் பணி.

3.3 இதற்குத் தெளிவான சான்று பீட்டில்ஸ் குழுவின் பிற்காலப் பாடல்கள். 1966 ஆகஸ்டு 29இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சியோடு அக்குழு கட்டண இசைநிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது. 1969 சனவரியில் இலண்டனில் ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் சிறிது நேரம் வாசித்ததே அதன்பின் அவர்கள் பொதுவில் வாசித்த ஒரே நிகழ்ச்சி. ஆகவே 1967இல் வெளிவந்த ‘சார்ஜண்ட் பெப்பர்’ தொகுப்பின் பாடல்களை அவர்கள் அவைமுன் நிகழ்த்தவே இல்லை. நெதர்லாந்தில் 2014இல் அமைந்த அனலாக்ஸ் என்னும் குழு இப்பிற்காலத் தொகுப்புகளை முழுமையாக மேடையில் நிகழ்த்துவதைத் தன் நோக்கமாகக் கொண்டது. பதிவில் ஒலித்த அதே வகைக் கருவிகளைத் தேடிச் சேர்த்தது. இங்குப் பின்பற்றப்படுவதற்கு முன்னோரின் மேடைநிகழ்ச்சி என ஒன்று இல்லை. போலி எனப்படுவதே முதல் நிகழ்ச்சியாக அமைகிறது.

3.4 இப்பணி எந்திரத்தனமானதன்று. ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடல் வெவ்வேறு விரைவும் சுருதியும் கொண்ட இரு பதிவுகளை, நாடாவின் வேகத்தை மாற்றி இணைத்து உருவாக்கப்பட்டது. அதனால் அதன் சுருதி மேலைக் கருவிகளின் வழக்கமான இரு சுரத்தானங்களுக்கு இடையில் நிற்கிறது. கருவிகளின் சுருதியையே பதிவுக்கு ஏற்ப மாற்றுவதா, அருகிலுள்ள சுருதிக்குப் பாடலைக் கொண்டுவருவதா என்று நிகழ்த்துவோர் முடிவு செய்ய வேண்டும். ‘எ டே இன் தி லைஃப்’ பாடலில் நாற்பதின்மர் கொண்ட வாத்தியக்குழு தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்கு ஏறுகிறது. ஒவ்வொருவரும் தத்தம் போக்கில் ஏறுமாறு பணிக்கப்பட்டிருந்தனர். ஒருமுறை தற்செயலாய் அமைந்ததை மறுமுறை எவ்வாறு திட்டமிட்டு வாசிப்பது? மூலத்தின் ஓசை முக்கியமா, மூலத்தில் இருந்த உரிமை முக்கியமா? சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதா, நோக்கத்தைப் பெயர்ப்பதா என்று மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் வினாவும் இதுவே.

4. மறைந்த நிகழ்ச்சியை மீட்டல்

ஜெனசிஸ் குழு 1974–75இல் ‘தி லாம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ என்னும் இசைக்கதையைப் பல நகரங்களில் நிகழ்த்தியது. திரைகளில் வீழ்த்தப்பட்ட நிழற்படங்களும் பாடகர் பீட்டர் கேப்ரியலின் வேடங்களும் அதன் உயிர்ப்பகுதிகள். அச்சுற்றுலா முடிந்ததும் கேப்ரியல் குழுவினின்று விலகினார். முழு நிகழ்ச்சியின் படப்பதிவு எதுவும் கிட்டவில்லை. மாண்ட்ரியால் நகரில் 1993இல் அமைந்த மியூசிக்கல் பாக்ஸ் குழு, மூலக்குழுவின் இசைவோடு பழைய நிழற்படங்களைப் பெற்று அந்நிகழ்ச்சியை மறுபடி உருவாக்கியது. சிதைந்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் தெளியும் பதிப்பாசிரியரின் உழைப்போடு இது ஒப்பிடத்தக்கது.

வால்டர் பெஞ்சமின் 1923இல் வெளியிட்ட கட்டுரையில், மொழிபெயர்ப்பை மூலத்தின் பின்வாழ்வு என்னும் கருத்தில் விளக்கினார். இசைக்கும் இது பொருந்தும். ஜான் லென்னன் 1980இலும் ஜார்ஜ் ஹாரிசன் 2001இலும் மறைந்தனர். பிங்க் ஃபிளாய்டின் ரிச்சர்ட் ரைட் 2008இல் மறைந்தார். மூலக்கலைஞர் மறையுந்தோறும் இவ்விசை ஒலிப்பேழையில் மட்டும் எஞ்சுவதா, மனிதர் கூடியிருக்கும் அவையிலும் தொடர்வதா என்னும் வினா கூர்மையடைகிறது. தொடர வேண்டுமெனில் வேறொருவர் கைகளால்தான் தொடர முடியும்.

5. இந்தியச் சூழல்: ‘கண்ட்டி’ மரபு

5.1 வங்காளத்தில் ஒரு பாடகரின் குரலைப் பின்பற்றி மேடையில் பாடுவோர் அவர் பெயரோடு ‘கண்ட்டி’ என்னும் சொல் சேர்த்து வழங்கப்படுகின்றனர். கிஷோர்-கண்ட்டி, லதா-கண்ட்டி என்பன காண்க. தொண்டையையும் குரலையும் குறிக்கும் வடசொல்லின் அடியாகப் பிறந்தது இது. ‘கிஷோரின் குரல் போன்ற குரலை உடையவர்’ என விரியும் இத்தொடர், தமிழில் ‘தேன்மொழி’ என்பதைப்போல உவமைத்தொகைப் புறத்துப் பிறந்த அன்மொழித்தொகைக்கு இணையானது. உவம உருபு மறைவதுடன் பாடுபவரின் சொந்தப் பெயரும் மறைந்துவிடுகிறது. கௌசிக் கங்குலி இயக்கி 2018இல் வெளிவந்த ‘கிஷோர் குமார் ஜூனியர்’ என்னும் வங்காளப் படத்தின் நாயகன் இத்தகைய பாடகனே.

5.2 பின்பற்றப்படும் கிஷோர் குமாரே 1948இல் ‘ஜித்தி’ படத்தில் கே. எல். சைகலின் பாணியில் பாடித் தொடங்கியவர். முகேஷ் 1945இல் ‘பெஹ்லி நஸர்’ படத்தில் பாடிய பாடலும் சைகல் பாணியினதே. தமிழில் டி. எம். சௌந்தரராஜன் 1950இல் வெளிவந்த ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் எம். கே. தியாகராஜ பாகவதரை அடியொற்றிப் பாடினார். கிஷோர் பாணியில் மேடைகளில் பாடிய குமார் சானு 1990இல் ‘ஆஷிக்கி’ படத்தால் தம் பெயரில் நிலைபெற்றார். தனித்தன்மைக்குப் பின்பற்றல் பகையன்று; பல வேளைகளில் அதுவே தனித்தன்மையின் பள்ளியாகிறது என்பதற்கு இவை சான்று.

5.3 தமிழகத்து மெல்லிசைக் குழுக்கள் ஒரே மூலத்தை மட்டும் பின்பற்றுவன அல்ல. எனினும் பதிவே பனுவல் என்னும் கருத்து அவற்றின் அவையோரிடமும் ஊன்றியுள்ளது. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடையே வரும் இடையிசையில் ஒரு புல்லாங்குழல் துணுக்கு தவறினாலும் அவர்கள் கண்டுகொள்வர்.

6. குறைகள்

இக்குழுக்களிடம் குறைகளும் உள. பொய்முடி, உடை, லிவர்பூல் வட்டாரப் பேச்சின் ஒலிப்பு ஆகியவற்றில் கவனம் மிகும்போது இசை பின்தள்ளப்பட்டுப் பலகுரல் விளையாட்டே முன்னிற்கிறது. ஃபேப் ஃபோ, அனலாக்ஸ் ஆகிய குழுக்கள் வேடம் புனையாமலே மூலத்துக்கு நெருக்கமாகச் சென்றிருப்பது, வேடம் இன்றியமையாததன்று என்பதைக் காட்டுகிறது. இரண்டாவதாக, மேடையில் பாடலை மாற்றி மாற்றி வாசித்த மூலக்குழுக்களும் உண்டு. அத்தகைய பாடலைப் பதிவின் ஒரே வடிவத்தில் நிறுத்துவது, வாய்மொழி வழக்கில் பல பாடங்கள் உள்ள கதையை ஓர் அச்சுப்படியோடு முடிப்பதற்கு ஒப்பாகும். மூன்றாவதாக, அறிந்த பாடலையே அவை விரும்பும்போது புதிய பாடலுக்கு மேடை குறைகிறது என்னும் கவலையும் புறக்கணிக்கத்தக்கதன்று.

இவற்றினும் ஆழ்ந்தது பெயரிழப்பு. லாரன்ஸ் வெனுட்டி 1995இல் வெளியிட்ட நூலில் மொழிபெயர்ப்பாளர் கண்ணுக்குப் புலப்படாமல் போவதைக் கண்டித்தார். கண்ட்டிப் பாடகரின் நிலையும் அதுவே. எவ்வளவு திறம்படச் செய்கிறாரோ அவ்வளவுக்குத் தாம் மறைந்துபோவது இவ்விருவர்க்கும் பொதுவான இடர். இதற்குத் தீர்வு திறத்தைக் குறைத்துக்கொள்வதன்று. செய்தவரின் பெயரைத் திறனாய்வாளரும் அவையும் சொல்லப் பழகுவதாகும்.

7. முடிவுரை

டிரிப்யூட் குழுவை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும். தன் இயல்பை மறையாமல் அறிவிக்கிறதா? மூலத்தை நுணுகி வாசித்து, ஐயம் எழும் இடங்களில் காரணத்தோடு முடிவு செய்கிறதா? அதன் நிகழ்ச்சிக்குப் பின் மூலம் முன்னினும் தெளிவாகக் கேட்கிறதா? மூன்றற்கும் ஆம் என விடை தரும் குழு உலக வழக்கின் போலி அன்று. பொருள் திரியாமல் மூலத்தின் இடத்தில் நிற்கும் இலக்கணப் போலியாகும்.

இதற்குரிய பெயரையும் தமிழ் மரபிலிருந்தே பெறலாம். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைக்கிறது. வழிநூல் முதல்நூலோடு ஒத்து நின்று, வேண்டிய இடத்தில் வேறுபாடும் கொள்ளும் என்பது நன்னூலாரின் கருத்து. அதனை ஒட்டி இக்குழுக்களை ‘வழியிசைக் குழு’ எனலாம். அஞ்சலி என்னும் சொல் ஏற்றும் இழவுப் பொருளும், போலி என்னும் சொல் ஏற்றும் இழிபொருளும் இச்சொல்லில் இல்லை. முதலாசிரியனுக்கு வழிநூலாசிரியன் தாழ்ந்தவன் என்னும் குறிப்பின்றி, அவனுக்குப் பின்வந்தவன் என்னும் உண்மையை மட்டும் இது உணர்த்துகிறது.