கிளிமூக்குச் சேவலும் பரிசு மேடையும்

அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றிக் காலி மனைகள் குறையக் குறைய, கோழி வளர்ப்பு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து மாடிகளில் குழம்புக்கோ முட்டைக்கோ அல்லாமல் அழகுக்காகவே வளர்க்கப்படுபவை கிளிமூக்கு விசிறிவால் சேவல்கள். கிளியின் அலகைப் போல வளைந்து குறுகிய மூக்கு, வெளுத்த கண், பருத்த கால், விரிந்து நீளும் வால். இவற்றுக்கென்றே திண்டுக்கல் பக்கம் கண்காட்சிகள் நடக்கின்றன. பேர்பெற்ற சேவலுக்கு லட்ச ரூபாய்க்கு மேலும் விலை சொல்கிறார்கள். இந்தக் கண்காட்சிகள் தொடர வேண்டும். ஆனால் பரிசு கொடுக்கும் முறை மாறாவிட்டால், காக்க நினைக்கும் இனத்தையே அவை கெடுத்துவிடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். கிளிமூக்கு, அசில் இனத்தின் ஒரு வகை. அசில் தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் பொங்கல் வந்தால் சேவல்கட்டுக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் போகிற வழக்கம் நிற்கவில்லை. கத்தி கட்டிய சேவல் எதிரியை மட்டுமல்ல, பிடித்திருப்பவரையும் வேடிக்கை பார்ப்பவரையும் வெட்டியிருக்கிறது. அதே பறவையை, அதே பெருமையோடு, ரத்தம் சிந்தாமல் ஊர் நடுவே நிறுத்த ஒரு வழி கிடைத்திருப்பது சிறிய காரியமல்ல. இங்கிலாந்திலும் இதுதான் நடந்தது. அங்கே 1835இல் சேவல் சண்டை தடை செய்யப்பட்டது. பத்தே ஆண்டில், 1845இல், லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக் கண்காட்சி நடந்தது.

வளர்க்கிறவரின் உழைப்பையும் மதிக்க வேண்டும். வால் தரையில் உரசி முறியாமலிருக்கச் சேவல் உயரமான கட்டையில் நிற்க வேண்டும். கூண்டு அகலமாக இருக்க வேண்டும். இறகு உதிர்ந்து முளைக்கும் மாதங்களில் புரதம் குறைந்தால் புது வால் மெலிந்து வரும் என்பதால் கம்பு, கேழ்வரகோடு அவித்த முட்டையும் கொடுப்பார்கள். அந்த நாட்களில் சேவலைக் கையில் எடுக்கக்கூட யோசிப்பார்கள். ரத்தம் ஓடும் இளம் இறகு ஒடிந்தால் அந்த ஆண்டுப் போட்டி போயிற்று. இத்தனை பொறுமையோடு பேணுவதால்தான் பல வம்சங்கள் அழியாமல் இருக்கின்றன. அசிலின் ரத்தம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு பிராய்லரே சாட்சி. பிராய்லரின் தந்தை வழியில் நிற்கும் கார்னிஷ் இனம், இந்திய அசிலை ஆங்கிலச் சண்டைக்கோழியோடு கலந்து உருவானது.

இனி குறை. மேடையில் எதற்குப் பரிசு கிடைக்கிறதோ, மறு ஆண்டு பட்டியில் அதுதான் பெருகும். இங்கே பரிசு மூக்குக்கும் வாலுக்கும். அலகு வளைய வளைய அழகு என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், தரையில் கிடக்கும் தானியத்தைக் கொத்தி எடுக்கத் தடுமாறும் சேவல்தான் மிஞ்சும். ஆழமான கிண்ணத்தில் வைத்தால் மட்டும் தின்னும். பரிசுச் சேவலின் சாயல் கைவிட்டுப் போகக்கூடாதென்று அதன் பெட்டைக் குஞ்சுகளையே அதனோடு சேர்ப்பதும் உண்டு. ஓரிரு முறை செய்தால் குணம் உறுதிப்படும். தொடர்ந்து செய்தால் முட்டை கருக்கூடாது, குஞ்சு நோய் தாங்காது. அசில் முன்பே முட்டையில் சிக்கனமான இனம். பெட்டையைக் கேட்பாரில்லை. குஞ்சின் பாதிக் குணம் தாயிடமிருந்து வருகிறது, அடைகாப்பதும் அவள்தான். ஆனால் மேடையில் அவளுக்கு இடம் அபூர்வம்.

நடுவரின் கண்ணே இலக்கணம் என்றிருப்பதும் சரியில்லை. இங்கிலாந்தில் 1865இலும் அமெரிக்காவில் 1874இலும் ஒவ்வொரு இனத்தின் அங்க லட்சணமும் நூலாக அச்சேறியது. நூல் வந்ததால் மட்டும் அங்கே எல்லாம் நேராகிவிடவில்லை. இறகுக்கும் உருவத்துக்கும் மட்டும் மதிப்பெண் போட்டதில், பல இனங்களில் கண்காட்சி வம்சம் முட்டையிடும் திறனை இழந்து தனியே பிரிந்தது. நாம் எழுதப்போகும் இலக்கணத்தில் உடல்நலத்துக்கும் இனவிருத்திக்கும் மதிப்பெண் இருக்க வேண்டும் என்பதற்கு அந்த அனுபவம் போதும்.

நோய்ப் பயமும் உண்டு. பல மாவட்டச் சேவல்கள் ஒரே பந்தலில் கூடும் இடம் வெள்ளைக்கழிச்சல் என்னும் கோழி நோய்க்கு வாசல். அதற்கான தடுப்பூசியை 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமே தயாரிக்கிறது. கிடைக்காத மருந்தல்ல. ஊசி போட்டதற்குச் சான்று இல்லாத பறவையைப் பந்தலுக்குள் விடக்கூடாது. திரும்பி வந்த சேவலை இரண்டு வாரமாவது தனிக்கூண்டில் வைக்க வேண்டும். ஒரே மாடியில் எல்லாவற்றையும் நெருக்கி அடைத்திருக்கும் புறநகரில் இதில் அலட்சியம் காட்டினால் பட்டியே காலியாகும்.

கண்காட்சி நடத்துகிறவர்கள் பெட்டைக்குத் தனிப் பரிசும், தாய் தந்தையோடு குஞ்சுகளையும் சேர்த்து நிறுத்தும் குடும்பப் பரிசும் அறிவிக்கட்டும். கிளிமூக்கு முட்டை, குஞ்சு என்று படம் பார்த்துப் பணம் அனுப்பும் புதியவர்களுக்கும் ஒரு வார்த்தை: சேவலின் வாலை அளக்கும் முன், அதன் தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.