டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: வீழ்ச்சி விதிகள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய, பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு. அதன் ஐந்தாம் பதிப்பின் (2014) வீழ்ச்சி விதிகள் எளிமையானவை, ஆனால் விளக்கம் தேவைப்படுபவை.

விதி

விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுபக்கப் பகடை உருட்டப்படும். வரும் எண் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகளிலிருந்து கழிக்கப்படும். உச்ச அளவு 20 பகடைகள். எவ்வளவு விரைவாக விழுவது என்பதை அடிப்படை விதி சொல்வதில்லை. சானதார்ஸ் கைட் டு எவ்ரிதிங் (2017) ஒரு சுற்றுக்கு 500 அடி என்னும் விருப்ப விதியை அளித்தது.

மதிப்பீடு

ஒரு சுற்று 6 வினாடி. காற்றுத்தடை இல்லையென்றால் அந்நேரத்தில் ஒரு பொருள் ஏறத்தாழ 580 அடி விழும். ஆகவே தொலைவு விதி இயற்கைக்கு நெருக்கமானது. சேத விதி அப்படிப்பட்டதல்ல. 20 பகடைகள் தரக்கூடிய பேரளவு 120. அதைவிட அதிக உயிர்ப்புள்ளிகள் கொண்ட வீரன் மலையுச்சியிலிருந்து குதித்தாலும் எழுந்து நடப்பான். உயரம் அச்சமாக இல்லாமல் வெறும் கணக்காகிவிடுகிறது. இதுவே இவ்விதியின் முதன்மைக் குறை.

ஆட்டத்தை நடத்துபவர் விதியை மாற்றலாம். ஆனால் அதை வீரன் குதிப்பதற்கு முன்பே சொல்லவேண்டும். குதித்தபின் இயற்பியலைத் துணைக்கழைப்பது ஆடுபவரின் நம்பிக்கையைக் குலைக்கும்.